அஞ்சு மீட்டர் ரங்கராட்டினம்

போன வாரம் பரணை ஒழித்தபோது அக்காவின் கல்யாண சி.டி. கிடைத்தது. 2006-ல் எடுத்தது. எங்கள் தாத்தா தடியை ஊன்றி நடந்து வந்து அட்சதை போடுகிற காட்சி அதில் மட்டும்தான் இருக்கிறது. ஆசையாய்ப் போட்டால் 'நோ டிஸ்க்' என்கிறது! வட்டமாய், பளபளவென்று கையில் இருக்கிறது ஸார். மெஷின் மட்டும் இல்லவே இல்லை என்று சாதிக்கிறது.

அந்தக் கடுப்பில், 'இந்த மாதிரி ஏமாந்தவன் நான் ஒருத்தன்தானா?' என்று தேடியதில் மாட்டியதுதான் மைக்ரோடிரைவ்.

இங்கிலாந்தில் 1982-ல் கிளைவ் சின்க்ளேர் என்பவர் 'ஸ்பெக்ட்ரம்' என்றொரு வீட்டுக் கம்ப்யூட்டர் விட்டார். 16 கே மெமரி உள்ளது 125 பவுண்டு. புரோகிராம்களைச் சேமிக்க? சாதாரண பாட்டு கேஸட்தான். ஒரு கேமை லோடு செய்ய சுமார் அஞ்சு நிமிஷம் அது 'கீய்ங்' என்று அலறும். பாதியில் யாராவது மேஜையைத் தட்டினால் போச்சு, முதலிலிருந்து!

ஃப்ளாப்பி டிரைவ் வாங்கலாம் என்றால் அதன் விலை கம்ப்யூட்டர் விலையையே எட்டும். எனவே 1983-ல் மைக்ரோடிரைவ் வந்தது. விலை 49.95 பவுண்டு. நம்ம பாட்டா செருப்புக் கணக்கு! அதை மாட்ட 'இன்டர்ஃபேஸ் 1' வேண்டும். டிரைவோடு சேர்த்து வாங்கினால் அதற்கு இன்னொரு 29.95. என் பி.காம். மூளை உடனே கூட்டியது: 79.90. இதில் கார்ட்ரிட்ஜ் தனி.

கார்ட்ரிட்ஜ் தீப்பெட்டியைவிடச் சின்னது. உள்ளே 2 மில்லிமீட்டர்கூட அகலமில்லாத டேப், சுமார் 5 மீட்டர் நீளம். முனையும் முடிவும் ஒட்டப்பட்டு ரங்கராட்டினம் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு சுற்றுக்கு ஏழெட்டு விநாடி. கேட்ட ஃபைல் தாண்டிப் போய்விட்டால், திருவிழாவில் குழந்தை ஏறின குதிரை திரும்பி வரட்டும் என்று நிற்கிறோமே, அப்படி நிற்க வேண்டியதுதான்!

கொள்ளளவு, குறைந்தது 85 கே. புது கார்ட்ரிட்ஜை நாலைந்து தடவை ஃபார்மட் பண்ணினால் டேப் கொஞ்சம் இழுபட்டு, கூடவே இரண்டொரு கே இடம் கிடைக்குமாம். புதுச் செருப்பு போடப் போட இளகுகிற கதை. ஆனால் இளகுகிற செருப்பு அறுந்தும் போகும் இல்லையா? டேப்பும் அப்படியே. அதனால் விவரமானவர்கள் எல்லாவற்றுக்கும் இரண்டு காப்பி வைத்தார்கள்.

1984-ல் வந்த 'க்யூ.எல்.' கம்ப்யூட்டரில் இரண்டு மைக்ரோடிரைவை உள்ளேயே பொருத்தினார் சின்க்ளேர். லினக்ஸ் தந்த லினஸ் டோர்வால்ட்ஸ் வாலிபத்தில் வைத்திருந்தது ஒரு க்யூ.எல்.தான். ஆனால் வியாபாரம் நொடித்து, 1986-ல் சின்க்ளேரின் கம்ப்யூட்டர் பிரிவை 'ஆம்ஸ்ட்ராட்' 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கிக்கொண்டது. மைக்ரோடிரைவ் பரணுக்குப் போயிற்று.

இப்போது சில ஆர்வலர்கள் அவற்றைக் கீழே இறக்குகிறார்கள். டேப்பைத் தலையோடு அழுத்திப் பிடிக்கிற துக்கடா பஞ்சு உதிர்ந்திருக்கும்; ரப்பர் ரோலர் இளகிப் பிசினாகியிருக்கும். இரண்டையும் மாற்றி, கார்ட்ரிட்ஜைச் செருகி, 'கேட் 1' என்று கட்டளை கொடுத்தால் உள்ளே உள்ள ஃபைல்களின் பெயர்கள் ஸ்க்ரீனில் வந்து நிற்கின்றன. பஞ்சுதான் செத்தது, டேப் சாகவில்லை!

கிடைத்ததை உடனே எஸ்.டி. கார்டுக்கு மாற்றிவிடுகிறார்கள். ஒரு ஜி.பி. கார்டில் 11 ஆயிரம் கார்ட்ரிட்ஜ்களுக்கு மேல் அடங்கும். அந்த கார்டும் ஒருநாள் வாயை மூடிக்கொள்ளும் என்பதால் அதற்கும் ஒரு காப்பி.

பாடம் புரிந்தது. 'குற்றம் சி.டி. மேல்தானா? டிரைவ் மேலாகக்கூட இருக்கலாமே!' என்று பழைய டிரைவ் வைத்திருக்கிற மெக்கானிக் ஒருவரிடம் கொடுத்திருக்கிறேன். "ரெண்டு மூணு டிரைவ்ல போட்டுப் பார்ப்போம் ஸார், ஏதாவது ஒண்ணு படிக்கும்" என்றிருக்கிறார்.

எதற்கும் இருக்கட்டும் என்று அக்காவுக்கு போன் போட்டேன். "உன் கல்யாண சி.டி. இன்னொரு காப்பி இருக்கா?"

"ஏன்டா, பத்திரமா வெச்சுக்கறேன்னு ரெண்டையும் நீதானே வாங்கிட்டுப் போனே?"

மறுபடி பரண் ஏறிக்கொண்டிருக்கிறேன். ஏணியை யாராவது கொஞ்சம் பிடியுங்களேன்!