செயிச்சமா தோத்தமா? – ஒரு இட்டேரி கேஸும் நம்ம கோர்ட்டுப் படிக்கட்டும்

பதிவு கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

எங்க அப்பாருக்கு 81 வயசு. போன மாசம் சென்னை ஐகோர்ட்ல இருந்து எங்க கேஸோட ஆர்டர் காப்பி வந்துச்சு. 14 பக்கம், அத்தனையும் இங்கிலீஷ். கையில கொடுத்துட்டு, "கண்ணு, நீ இன்ஜினியருக்குப் படிச்சவன். படிச்சுச் சொல்லு, செயிச்சமா தோத்தமா?"ன்னு கேட்டார்.

மூணு தடவை படிச்சேன். இங்கிலீஷ் புரியுது, விஷயம் புரியல. கடைசியில வக்கீலுக்கே போன் போட்டேன். "ரிமாண்ட் ஆயிருக்கு தம்பி. செயிக்கவும் இல்ல, தோக்கவும் இல்ல. சப் கோர்ட்டுக்கே திருப்பி அனுப்பி, மறுபடி விசாரிக்கச் சொல்லியிருக்காங்க"ன்னார். இத அப்பாருகிட்ட எப்படிச் சொல்றதுன்னு அரை மணி நேரம் வாசல்லயே உக்காந்திருந்தேன்.

கேஸ் ரொம்பச் சின்னது. ஒரு இட்டேரி. கொங்குப் பக்கம் இல்லாத தோழர்களுக்காகச் சொல்றேன்: ரெண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவுல மாட்டு வண்டி போற அளவுக்குத் தடம். தோட்டத்துக்குப் போறவங்க, ஆடு மாடு ஓட்டுறவங்க, எல்லாருக்கும் பொதுவானது. எங்க தோட்டத்துக்குப் போற இட்டேரிய பக்கத்துத் தோட்டக்காரர் கம்பி போட்டு அடைச்சுட்டார். அப்ப நான் ஸ்கூல் படிச்சிட்டிருந்தேன். இப்ப எனக்கு வேலையே கிடைச்சிருச்சு, இட்டேரி இன்னும் அடைச்சபடிதான் கிடக்கு.

இந்தக் கேஸுக்கு இதுவரைக்கும் மூணு பேர் மாறியிருக்கு. முன்சீஃப் கோர்ட்ல அது ஓ.எஸ். மேல சப் கோர்ட்டுக்கு அப்பீல் போனதும் ஏ.எஸ். ஐகோர்ட்டுக்கு ரெண்டாவது அப்பீல் போனதும் எஸ்.ஏ. இதுக்கு மேல டெல்லிக்குப் போனா எஸ்.எல்.பி. நம்ம மாநிலத்துல சின்னச் சொத்துத் தகராறு ஏறுற படிக்கட்டு இதுதான்.

கீழ்ப்படி நம்ம தாலுகாலயே இருக்கு. நிறைய ஊர்ல 'மாவட்ட உரிமையியல் மற்றும் குற்றவியல் நடுவர் நீதிமன்றம்'னு போர்டு இருக்கும். அதாவது ஒரே நீதிபதி காலையில நிலத் தகராறையும் கேப்பார், அடிதடி கேஸையும் கேப்பார். சிவில்ல சொத்தோட மதிப்பு கூடக்கூட முன்சீஃப், சப் கோர்ட், மாவட்ட கோர்ட்னு கேஸ் மேல போகும். கிரிமினல்ல தண்டனைதான் அளவு: முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் 3 வருஷம் வரைக்கும், தலைமை நீதித்துறை நடுவர் 7 வருஷம் வரைக்கும் ஜெயில் கொடுக்கலாம். செஷன்ஸ் நீதிபதி தூக்குத் தண்டனை வரைக்கும் கொடுக்கலாம், ஆனா அத ஐகோர்ட் உறுதி செய்யணும். குடும்ப நல கோர்ட், மகிளா கோர்ட், லேபர் கோர்ட் எல்லாம் இதுக்குப் பக்கவாட்டுல இருக்கு. அதுக்குள்ள இப்பப் போகல.

இடையில ஒண்ணு. நம்ம வாட்ஸ்அப் குரூப்லயே போன வாரம் ஒரு ஃபார்வர்டு சுத்துச்சு: "கவர்மென்ட் நினைச்சா நாளைக்கே ஜட்ஜ தூக்கி வேற ஊருக்குப் போட்டுருவாங்க"ன்னு. தயவுசெஞ்சு அத அனுப்பாதீங்க தோழர்களே, அது தப்பு. அரசியல் சட்டம் 235-வது பிரிவுப்படி கீழ்க் கோர்ட்டுகள் மேல கட்டுப்பாடு ஐகோர்ட்டுக்கு. மாற்றல், பதவி உயர்வு, லீவு எல்லாம் அங்கதான். தாலுகா கோர்ட்டுக்கு வர்ற சிவில் நீதிபதிகள டி.என்.பி.எஸ்.சி. பரீட்சை வச்சு எடுக்குது. கட்டடம், பணியிடம், பணம் ஒதுக்குறது மாநில அரசு வேலை. அங்க குறை இருந்தா யார் ஆட்சியில இருந்தாலும் கேக்கலாம், கேக்கணும். ஆனா இல்லாதத இருக்குன்னு சொல்லிக் கேக்க வேண்டாம். ஐ.டி. விங்னா எதிராளியோட பொய்ய மட்டும் புடிக்கிறதுன்னு நினைச்சுக்கிறோம், நம்ம பொய்யயும் சேர்த்துத்தான்.

சரி, படிக்கட்டுக்கு வருவோம். இதுல ஒரு விஷயம் எனக்கு ஆர்டர் காப்பி வந்த அப்புறம்தான் உறைச்சுச்சு. மேல போகப் போக ரெண்டு விஷயம் சேர்ந்தே மாறுது. ஒண்ணு தூரம், இன்னொண்ணு மொழி.

முன்சீஃப் கோர்ட் எங்க வீட்டுல இருந்து டவுன் பஸ்ல அரை மணி நேரம். அப்பாரு கூண்டுல ஏறித் தமிழ்ல சாட்சி சொன்னார். வக்கீல் தமிழ்ல கேட்டார், தீர்ப்பும் தமிழ்லயே வந்துச்சு. தமிழ்நாடு ஆட்சிமொழிச் சட்டமும் அதுக்கு வந்த திருத்தங்களும் கீழ்க் கோர்ட்டுகள்ல தமிழுக்குக் கொடுத்த இடம் அது. அந்த நீதிபதி தஞ்சாவூர்ப் பக்கம். இட்டேரின்னா என்னன்னு அப்பாருகிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டாராம். தீர்ப்புல எங்களுக்குச் சாதகமா எழுதினார். சப் கோர்ட்ல தோத்தோம், ஆனா ஏன் தோத்தோம்னு அப்பாருக்குத் தெரியும். அந்தத் தீர்ப்ப அவரே கண்ணாடி போட்டு உக்காந்து படிச்சார், படிச்சுட்டுத் திட்டவும் செஞ்சார்.

அடுத்த படி சென்னை. ஈரோட்டுல இருந்து சுமார் 400 கிலோமீட்டர். ஏற்காடு எக்ஸ்பிரஸ்ல ராத்திரி ஏறினா விடியக்காலை சென்ட்ரல். அங்க இருந்து பாரிமுனை. அப்பாருவ ஒரு தடவை கூட்டிட்டுப் போனேன். 1892-ல திறந்த அந்தச் சிவப்புக் கட்டடத்தப் பார்த்து, "கோயில் மாதிரி இருக்குதே"ன்னு கும்பிட்டார். எங்க கேஸ் கூப்பிட்டு அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சுச்சு, வேற தேதி போட்டாங்க. உள்ள என்ன பேசினாங்கன்னு அவருக்கு ஒரு வார்த்தை புரியல. வெளிய வந்ததும் கேட்டார்: "நம்ம கேஸத்தான பேசுனாங்க?"

ரெண்டாவது அப்பீல்ல இன்னொரு சிக்கல் இருக்கு. சிவில் நடைமுறைச் சட்டம் 100-வது பிரிவு, 1976 திருத்தத்துக்கு அப்புறம், முக்கியமான சட்டக் கேள்வி இருந்தாத்தான் ஐகோர்ட் அந்த அப்பீல எடுத்துக்கும். யார் பொய் சொன்னாங்க, யார் நிஜம் சொன்னாங்கன்னு பொதுவா அங்க தோண்ட மாட்டாங்க. கீழ எழுதி வச்ச காகிதம்தான் பேசும். அந்தக் காகிதம் தமிழ்ல இருக்கு, கோர்ட் இங்கிலீஷ்ல இருக்கு. அதனால சாட்சியம், பத்திரம், கீழ்க் கோர்ட் தீர்ப்பு எல்லாத்தையும் இங்கிலீஷ்ல மாத்தி 'டைப் செட்' போட்டுக் கொடுக்கணும். செலவு கட்சிக்காரரோடது.

எங்க டைப் செட்ட நான் இப்பத்தான் முதல் தடவை வாங்கிப் படிச்சேன். அப்பாரு சாட்சியத்துல 'இட்டேரி'ன்னு சொன்ன இடம் எல்லாம் ஒரு பக்கத்துல 'லேன்'னு இருக்கு, இன்னொரு பக்கத்துல 'ஃபுட்பாத்'னு இருக்கு. எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ரெண்டாவது வார்த்தையப் புடிச்சுக்கிட்டார். நடந்து போற பாதைதான, வண்டி போறதுக்கு உரிமை எங்க இருந்து வந்துச்சுன்னு. நீதிபதிக்கும் சந்தேகம் வந்து, பாதை எவ்வளவு அகலம்னு கமிஷனர் வச்சு அளந்து முடிவு பண்ணுங்கன்னு திருப்பி அனுப்பிட்டார். நீதிபதி மேல எனக்குக் கோபம் இல்ல, அவர் கையில இருந்த காகிதத்துக்கு அவர் செஞ்சது சரிதான். ஆனா இட்டேரிங்கிற சொல்லுக்குள்ளயே வண்டி இருக்கு. அது எங்க ஊர்ல ஆடு மேய்க்கிற பையனுக்குக் கூடத் தெரியும்.

இதுக்கு வழி அரசியல் சட்டத்துலயே இருக்கு. 348-வது பிரிவு முதல் உட்பிரிவு, ஐகோர்ட்ல இங்கிலீஷ்தான்னு சொல்லுது. ஆனா ரெண்டாவது உட்பிரிவு, குடியரசுத் தலைவரோட முன் ஒப்புதல் வாங்கி, மாநிலத்தோட ஆட்சிமொழிய ஐகோர்ட் நடவடிக்கைகள்ல பயன்படுத்த ஆளுநர் அனுமதிக்கலாம்னு சொல்லுது. தீர்ப்ப அந்த மொழியில எழுத ஆட்சிமொழிகள் சட்டம் 1963-ல தனிப் பிரிவே இருக்கு. இது ஏட்டுச் சுரைக்காய் இல்ல. ராஜஸ்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் – நாலு மாநில ஐகோர்ட்ல இந்த வழியாத்தான் இந்தி வந்துச்சு. கடைசியா வந்த பீகாருக்கே 1972-ல கிடைச்சுருச்சு.

நாம எப்பக் கேட்டோம்? 2006 டிசம்பர்ல சட்டமன்றத்துல தீர்மானம் போட்டோம். 2010-ல மதுரையில வழக்கறிஞர்கள் உண்ணாவிரதமே இருந்தாங்க. இந்த மாதிரிக் கோரிக்கைய சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதிகிட்டயும் கேக்கணும்னு 1965-ல மத்திய அமைச்சரவை ஒரு முடிவு எடுத்து வச்சிருக்கு. அரசியல் சட்டத்துல அப்படி ஒரு வரியே கிடையாது. 2012-ல சுப்ரீம் கோர்ட் நீதிபதிகள் எல்லாம் கூடி, தமிழ், குஜராத்தி, வங்காளம்னு வந்த கோரிக்கைகள ஏத்துக்கிறதில்லன்னு முடிவு பண்ணிட்டாங்க. இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு ஏன் திறக்கலங்கிற கேள்வி அங்கயே நிக்குது.

எதிர்வாதம் இல்லாம இல்ல. வேற மாநிலத்துல இருந்து மாற்றலாகி வர்ற நீதிபதிக்குத் தமிழ் தெரியாதே, சட்டப் புத்தகமும் முன் தீர்ப்பும் இங்கிலீஷ்லதான இருக்குன்னு கேப்பாங்க. நியாயமான கேள்விதான். ஆனா நாம இங்கிலீஷ எடுக்கச் சொல்லல. தமிழும் இருக்கட்டும்னுதான் கேக்குறோம். வாதாட விரும்புறவர் தமிழ்ல வாதாடட்டும், தமிழ்க் காகிதம் தமிழ்க் காகிதமாவே உள்ள போகட்டும். மொழிபெயர்ப்பு வேணும்னா அத கோர்ட் ஏற்பாடு பண்ணட்டும், 81 வயசுக்காரர் தலையில கட்ட வேண்டாம். இப்பவும் சில நீதிபதிகள் மனசு வச்சுக் கட்சிக்காரர தமிழ்ல பேச விடுறாங்க. நல்லது. ஆனா அது சலுகை.

"அதான் ஏ.ஐ. வந்துருச்சே, தீர்ப்ப மொழிபெயர்த்துப் போடுறாங்களே"ன்னு என் ஆபீஸ் நண்பர்கள் சொல்றாங்க. சுப்ரீம் கோர்ட் 2019-லயே 'சுவாஸ்'னு ஒரு மென்பொருள் கொண்டு வந்துச்சு. நானும் மென்பொருள்லதான் பொழைக்கிறேன், அத குறை சொல்லல. ஆனா அது கேஸ் முடிஞ்ச அப்புறம் வர்ற மொழிபெயர்ப்பு. எங்க இட்டேரி கெட்டது நடுவுல.

அடுத்து தூரம். 2004 ஜூலை 24-க்கு முன்னாடி கன்னியாகுமரிக்காரர் ஐகோர்ட்டுக்கு 700 கிலோமீட்டர் வரணும். அன்னைக்கு மதுரைக் கிளை திறந்துச்சு, தென் மாவட்டங்களுக்கு அந்தப் பாடு தீர்ந்துச்சு. கிளைன்னா தனி ஐகோர்ட் இல்ல. அதே ஐகோர்ட், அதே தலைமை நீதிபதி, உக்காருற இடம் ரெண்டு. அதனால ஐகோர்ட் ரெண்டாப் பிரிஞ்சு போயிடல, யாருக்கும் எதுவும் கெட்டும் போகல. ஆனா மேற்குல கோடு எப்படிப் போட்டிருக்காங்க பாருங்க. கரூர்க்காரர் கேஸ் மதுரைக்குப் போகும். பக்கத்துல ஈரோடு, திருப்பூர், கோவை, நீலகிரி எல்லாம் சென்னைக்குப் போகணும். ஊட்டியில இருந்து மலை இறங்கிச் சென்னைக்கு 500 கிலோமீட்டருக்கு மேல. கோவையில ஒரு கிளை வேணும்கிறது அங்க இருக்கிற வக்கீல்களோட பழைய கோரிக்கை. எனக்கு அது நியாயமாத்தான் படுது.

டெல்லியும் அப்படித்தான். சுப்ரீம் கோர்ட் டெல்லியிலோ, குடியரசுத் தலைவர் ஒப்புதலோட தலைமை நீதிபதி குறிக்கிற வேற இடத்துலயோ உக்காரலாம்னு 130-வது பிரிவே சொல்லுது. 2009-ல சட்ட ஆணையம் தன்னோட 229-வது அறிக்கையில, தெற்குல சென்னை இல்லன்னா ஹைதராபாத்ல ஒரு அமர்வு வைக்கலாம்னு பரிந்துரையே பண்ணிருச்சு. இன்னும் நடக்கல. இட்டேரி கேஸுக்காக 2,000 கிலோமீட்டருக்கு மேல போய் டெல்லி வக்கீல் வைக்கிற வசதி எங்க அப்பாருக்கு இல்ல. அவர மாதிரி நிறைய பேருக்கு ஐகோர்ட்தான் கடைசிக் கோர்ட், சட்டம் என்ன சொன்னாலும்.

கடைசியா நம்ம பக்கமும் ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. கீழ்க் கோர்ட்ல தமிழ் இருந்தும் எத்தனை வக்கீல் மனுவ இங்கிலீஷ்ல போடுறாங்க? நம்ம வழக்கறிஞர் அணித் தோழர்கள் சிலரே போடுறாங்க. கேட்டா, பழைய மாதிரி மனு கம்ப்யூட்டர்ல இங்கிலீஷ்ல இருக்கு, பேரு மட்டும் மாத்தினாப் போதும்கிறாங்க. அதுக்கு நான் ஒரு யோசனை வச்சிருக்கேன். வழக்குரை, எதிருரை, வாய்தா மனு, நகல் மனு – அடிக்கடி வேணும்கிறதத் தமிழ்ல மாதிரியாத் தட்டச்சு பண்ணித் தர்றேன். சட்டம் தெரிஞ்ச தோழர்கள் ரெண்டு மூணு பேர் திருத்திக் கொடுத்தா, யார் வேணும்னாலும் எடுத்துப் பயன்படுத்துற மாதிரி போட்டுரலாம். விருப்பம் இருக்கிறவங்க இன்பாக்ஸ்ல சொல்லுங்க.

அப்பாருகிட்ட கடைசியில இப்படித்தான் சொன்னேன்: "அப்பாரு, இட்டேரிய அளந்து பார்க்கச் சொல்லிட்டாங்க." அவர் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "அதுக்கு மெட்ராஸ் போயிருக்க வேண்டாமே கண்ணு, நானே அளந்து சொல்லியிருப்பேனே"ன்னார். அடுத்த வாய்தா வர்ற மாசம்.

#நீதிமன்றத்தில்_தமிழ் #உயர்நீதிமன்றத்தில்_தமிழ் #கோவைக்கு_ஐகோர்ட்_கிளை