பயிற்சியாளர் மாறினால் போதுமா?

இந்திய மகளிர் ஹாக்கி அணியின் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பிலிருந்து ஹரேந்திர சிங் 2025 டிசம்பர் தொடக்கத்தில் விலகினார். தனிப்பட்ட காரணங்களால் விலகுவதாக அவர் தெரிவித்திருக்கிறார். டோக்கியோ ஒலிம்பிக்குக்குப் பிறகு இப்பதவியைவிட்டுச் செல்லும் மூன்றாவது பயிற்சியாளர் அவர். 2021-இல் ஸ்யோர்ட் மரைன் குடும்பத்தினருடன் இருக்க விரும்பி விடைபெற்றார். ஆடவர் அணியின் பயிற்சியாளர்களுக்குக் கிடைக்கும் மதிப்பு தனக்குக் கிடைக்கவில்லை என்று வெளிப்படையாகக் குறைகூறிய யான்னெகே ஷாப்மன், 2024 பிப்ரவரியில் பதவி விலகினார். இப்போது ஹரேந்திர சிங்.

அடுத்த பயிற்சியாளர் யார் என்பதே அப்போது விவாதமாக இருந்தது. ஆனால், மூன்று பேர் வந்து சென்ற பிறகும் அணி ஏன் ஒரே இடத்தில் தடுமாறுகிறது என்பதைத்தான் முதலில் ஆராய வேண்டும்.

டோக்கியோவில் கிடைத்த நான்காவது இடம் நாட்டையே நெகிழ வைத்தது. 36 ஆண்டு இடைவெளிக்குப் பின் 2016-இல் ரியோ ஒலிம்பிக்கில் ஆடி ஒரு வெற்றிகூடப் பெறாமல் கடைசி இடத்துடன் திரும்பிய அணி, அடுத்த ஒலிம்பிக்கிலேயே காலிறுதியில் ஆஸ்திரேலியாவை 1-0 என்று வீழ்த்தியது. வெண்கலப் பதக்கத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனிடம் 0-2 எனப் பின்தங்கி, பிறகு 3-2 என முன்னிலை பெற்று, இறுதியில் 3-4 என்று தோற்றது. அந்தக் கண்ணீரை நாம் கொண்டாடினோம். கொண்டாட்டத்தில் ஒரு கணக்கைப் பார்க்க மறந்துவிட்டோம். ராணி ராம்பால், வந்தனா கட்டாரியா, குர்ஜித் கௌர், சவிதா என்று ஒரு தலைமுறையின் தோள்களில் நின்ற வெற்றி அது. அவர்களுக்குப் பின்னால் வரிசை நீளமாக இருக்கவில்லை.

அதே டோக்கியோவில் சீன அணி முதல் சுற்றோடு வெளியேறியது என்பது இங்கே பலருக்கு நினைவிருக்காது. மூன்றே ஆண்டுகளில், 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், சீனா வெள்ளிப் பதக்கம் வென்றது. டோக்கியோவில் நெதர்லாந்துக்குத் தங்கம் வென்று தந்த அலிசன் ஆனன் அந்த அணிக்குப் பயிற்சி அளித்தார். பாரிஸில் இந்திய மகளிர் அணி ஆடவே இல்லை. ராஞ்சியில் நடந்த தகுதிச் சுற்றில் அரையிறுதியில் ஜெர்மனியிடம் ஷூட் அவுட்டில் தோற்று, 2024 ஜனவரி 19 அன்று ஜப்பானிடம் 0-1 என்று வீழ்ந்து வாய்ப்பை இழந்தது.

அந்தத் தோல்வியில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இரண்டரை மாதங்களுக்கு முன்புதான், அதே மைதானத்தில், அதே ஜப்பானை 4-0 என்று வென்று ஆசிய சாம்பியன்ஸ் கோப்பையை இந்தியா கைப்பற்றியிருந்தது. திறமை இல்லாத அணி அப்படி வெல்லாது. அடுத்த ஆண்டு பிகாரின் ராஜ்கீரில் நடந்த அதே போட்டியின் இறுதி ஆட்டத்தில் சீனாவையே 1-0 என்று வென்றோம். ஆனால், 2025 செப்டம்பரில் ஹாங்சோவில் நடந்த ஆசியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், முதல் நிமிடத்திலேயே கோல் அடித்தும் அதே சீனாவிடம் 1-4 என்று தோற்றோம். உலகக் கோப்பைக்கு நேரடியாகத் தகுதிபெறும் வாய்ப்பும் அதோடு போயிற்று.

இந்த ஏற்ற இறக்கத்துக்கு உறுதியின்மையைக் காரணமாகச் சொல்வது எளிது. காரணம் இன்னும் ஆழத்தில் இருக்கிறது. ஹாங்சோவில் சவிதாவும் தீபிகாவும் காயத்தால் ஆடவில்லை. ராஜ்கீரில் 11 கோல்களுடன் முதலிடம் பிடித்தவர் தீபிகா. பெனால்டி கார்னரில் அணியின் பெரும் நம்பிக்கையும் அவரே. நவீன ஹாக்கியில் நெருக்கமான ஆட்டங்களைப் பெரும்பாலும் பெனால்டி கார்னர்களே முடிவு செய்கின்றன. ஜப்பானுக்கு எதிரான ராஞ்சி ஆட்டத்தில் நமக்குப் பல பெனால்டி கார்னர்கள் கிடைத்தும் ஒன்றுகூடக் கோலாகவில்லை. ஜப்பானின் ஒரே கோல் பெனால்டி கார்னரில் வந்தது. டிராக் ஃப்ளிக் என்பது தேசிய முகாமில் ஆறு மாதத்தில் கற்றுத்தரக்கூடிய வித்தை அன்று. பதின்ம வயதிலிருந்தே செயற்கைப் புல்தரையில் ஆயிரக்கணக்கான முறை பழகினால்தான் கைவரும். சிம்டேகா போன்ற பழங்குடி மாவட்டங்களில் பெண் குழந்தைகள் மூங்கில் மட்டையோடும் மண் தரையோடும் ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள். அங்கிருந்து வந்த சலிமா டேட்டே இன்று அணித் தலைவர் என்பது அவருடைய உழைப்புக்குச் சான்று. நம் ஏற்பாடுகளுக்குச் சான்றாகாது.

தேசிய முகாமுக்கு வெளியே கடுமையான ஆட்டங்கள் இல்லாததே அடிப்படைக் குறை. ஆடவருக்கான ஹாக்கி இந்தியா லீக் 2013-இல் தொடங்கியது. பெண்களுக்கு அந்த வாய்ப்பு வர 2025 ஜனவரி வரை, 12 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதும் ஆடவருக்கு எட்டு அணிகள், பெண்களுக்கு நான்கு. ஆடவர் அணி ஒவ்வொன்றும் வீரர்களுக்குச் செலவிட 4 கோடி ரூபாய். பெண்கள் அணிக்கு 2 கோடி. போட்டி இரண்டே வாரங்களில் முடிந்துபோனது. தொடக்கம் என்ற அளவில் இது வரவேற்கத்தக்கது. ஆண்டுக்கு இரண்டு வாரம் ஆடினால் மாற்று வீராங்கனைகளின் வரிசை உருவாகிவிடாது.

இதற்கிடையே, புரோ லீக் போட்டியில் கடைசி இடம் பெற்று, நேஷன்ஸ் கோப்பைக்குக் கீழிறக்கப்பட்டிருக்கிறது இந்திய அணி. அதாவது, நெதர்லாந்து, அர்ஜென்டினா போன்ற அணிகளுடன் ஆண்டுதோறும் மோதிப் பழகும் வாய்ப்பு குறையப் போகிறது. மேல்தளத்து ஆட்டங்கள் குறையும்போது உள்நாட்டு ஆட்டங்களின் தரமும் எண்ணிக்கையும் கூட வேண்டும். லீக் போட்டியை நீட்டிப்பது, அணிகளைக் கூட்டுவது, இளையோர் நிலையிலேயே டிராக் ஃப்ளிக், கோல்கீப்பிங் ஆகியவற்றுக்குத் தனிப் பயிற்சியாளர்களை அமர்த்துவது ஆகியவை ஹாக்கி இந்தியாவும் மாநில அரசுகளும் சேர்ந்து செய்யக்கூடியவையே. ஒடிசா அரசு தேசிய அணிகளுக்குத் தொடர்ந்து அளித்துவரும் ஆதரவு, அரசு நினைத்தால் இயலும் என்பதைக் காட்டியிருக்கிறது.

2026 முக்கியமான ஆண்டு. முதலில் உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்று. ஆகஸ்டில் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் உலகக் கோப்பை. செப்டம்பரில் ஜப்பானில் ஆசிய விளையாட்டுப் போட்டி. அங்கே தங்கம் வெல்லும் அணி 2028 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்குக்கு நேரடியாகச் செல்லும். புதிய பயிற்சியாளர் யாராயினும், இருக்கும் வீராங்கனைகளைக் கொண்டே இவற்றைச் சந்தித்தாக வேண்டும். அவருக்கு அடுத்து வருபவருக்காவது நீண்ட வரிசை ஒன்றை உருவாக்கித் தருவது நம் கையில் இருக்கிறது. இல்லாவிட்டால், நான்கு ஆண்டுகள் கழித்தும் டோக்கியோவின் நான்காவது இடத்தையே நினைத்துப் பெருமைப்பட்டுக்கொண்டிருப்போம்.