வீடியோ ஓடலைன்னா மருந்து அளவை எங்க போய்க் கேக்கறது?

இப்போ விவசாயத்துல எதைக் கேட்டாலும் "வீடியோ இருக்கு, பாருங்க"ன்னு சொல்லிடுறாங்க. நெல்லுக்கு, முந்திரிக்கு, மாட்டுக்கு, பம்ப்செட்டுக்கு, எல்லாத்துக்கும் வீடியோதான். நல்ல விஷயம். ஆனா தேவைப்படுற நாள்ல அது ஓடணுமே? கறுப்புக் கட்டமும் சுத்திக்கிட்டே இருக்குற வட்டமும் வந்தா யாரைப் போய்க் கேக்கறது? அதைப் பத்தி எனக்கு ஒரு கருத்து இருக்கு. அதுக்கு முன்னாடி, ஏன் ஓடலைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு சொல்லிடுறேன்.

ஒரு பக்கத்துல நடுவுல வீடியோ தெரியுது பாருங்க, அது அந்தப் பக்கத்துல இல்ல. யூடியூப் மாதிரி வேற ஒரு எடத்துல இருக்கு. இங்க இருக்கிறது வெறும் மதகு. எங்க சிதம்பரம் பக்கத்துக்காரங்களுக்குச் சொல்லணும்னா, கீழணையில தொறந்த கொள்ளிடத் தண்ணி வடவாறு வழியா வீராணத்துக்கு வந்து, அங்கேருந்து வாய்க்கால் வழியா நம்ம வயலுக்கு வருது. கடைமடையில தண்ணி வரலைன்னா மதகை உதைச்சுப் பிரயோஜனம் இல்ல. எங்க அடைப்புன்னு வரிசையாப் பாத்துக்கிட்டுப் போகணும். வீடியோவும் அப்படித்தான்.

முதல்ல வேற ஒரு வீடியோவைத் தட்டிப் பாருங்க. அதுவும் ஓடலைன்னா கோளாறு நம்ம பக்கம். டவர் இருக்கா, அன்னைக்கு டேட்டா தீர்ந்துபோச்சான்னு பாருங்க. போன்ல தேதியும் நேரமும் சரியா இருக்கான்னும் பாருங்க. பேட்டரி செத்துப்போய் எழுந்த பழைய போன்ல தேதி பல வருஷம் பின்னாடி போயிருக்கும். அப்போ பாதுகாப்பு உள்ள தளங்கள் எதுவும் தொறக்காது. தேதியைச் சரி பண்ணினா போதும், காசு செலவு இல்ல.

மத்ததெல்லாம் ஓடி இது மட்டும் ஓடலைன்னா, கட்டத்துக்குள்ள என்ன எழுதியிருக்குன்னு படிங்க. "யூடியூப்பில் பாருங்கள்"னு இருந்தா, வெளிப் பக்கங்கள்ல காட்ட வேண்டாம்னு போட்டவர் நிறுத்தி வச்சிருக்கார். அதைத் தட்டி நேரா அங்கயே போய்ப் பாக்கலாம். "தனிப்பட்ட வீடியோ"ன்னு வந்தா அவர் மறைச்சிட்டார். "கிடைக்கவில்லை"ன்னு வந்தா பெரும்பாலும் அழிச்சிருப்பாங்க, இல்ல கணக்கே போயிருக்கும். இந்த ரெண்டுக்கும் நம்ம கையில வைத்தியம் இல்ல. எதுவுமே எழுதாம வெறும் கறுப்பா இருந்தா, இணைப்பை வாட்ஸ்அப், பேஸ்புக் உள்ளயே தொறக்காம குரோம்ல தொறந்து பாருங்க. பல தடவை அதுலயே சரியாயிடும்.

சில அடைப்பு மேல, அணையிலேயே விழுந்தது. 2020 ஜூன் 29-ஆம் தேதி இந்திய அரசு 59 செயலிகளைத் தடை பண்ணுச்சு. அதுல டிக்டாக்கும் ஒண்ணு. அதுல போட்டிருந்த விவசாய வீடியோக்களும் அன்னையோட நமக்கு மூடிப்போச்சு. அதே வருஷம் டிசம்பர் 31-ஓட அடோபி கம்பெனி பிளாஷ் பிளேயரை நிறுத்திடுச்சு. பிளாஷை நம்பி வச்சிருந்த பழைய வீடியோ எதுவும் இன்னைக்கு பிரவுசர்ல ஓடாது. போன வாங்கி மாத்தினாலும் ஓடாது.

இப்போ என் கருத்துக்கு வரேன். படம் ஓடாம போறது சினிமாவுக்குப் பரவாயில்ல. வயலுக்கு அப்படி இல்ல. போன சம்பாவுல எங்க ஊர்ல ஒருத்தர் வயல்ல புகையான் விழுந்துச்சு. தூருல, தண்ணி மட்டத்துக்குக் கொஞ்சம் மேல, கூட்டமா ஒட்டிக்கிட்டுச் சாறு உறிஞ்சுற பூச்சி. வட்டம் வட்டமாப் பயிர் காயும். ஒரு நாள் தள்ளினா வட்டம் பெருசாகும். யாரோ அனுப்புன வீடியோவை மூணு நாளாத் தட்டிக்கிட்டு இருந்தார், ஓடவே இல்ல. அதுக்குக் கீழ ஒரு வரி எழுத்து கிடையாது. அவருக்கு அன்னைக்கு வேண்டியது நாலே வரி: வயல் தண்ணியை வடிங்க, யூரியாவை நிறுத்துங்க, மருந்தைத் தூருல படுற மாதிரி அடிங்க, ஆரம்பத்துலயே பாத்தா அஞ்சு கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடிச்சு ராத்திரி ஊறவச்சு வடிகட்டி நூறு லிட்டர் ஆக்கி அடிங்க. இந்த நாலு வரி சாதா எஸ்எம்எஸ்லயே வந்துடும்.

புயல் காலத்தை நெனச்சுப் பாருங்க. 2011 டிசம்பர் 30-ல தானே அடிச்சப்போ கடலூர் மாவட்டத்துல பல கிராமம் வாரக்கணக்குல கரண்ட் இல்லாம கெடந்துச்சு. 2024-ல பெஞ்சல் புயலோட தென்பெண்ணை வெள்ளமும் வந்துச்சு. பயிரை எப்படிக் காப்பாத்தறதுன்னு தெரியவேண்டிய அந்த நாள்லதான் டவரும் இருக்காது, வீடியோவும் ஓடாது.

நான் வீடியோவுக்கு எதிரி இல்ல. 1960-கள்ல ஆடுதுறை 27 ரகத்தைத் திருச்சி வானொலி ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்துச்சு. "ரேடியோ நெல்லு"ன்னே அதுக்குப் பேர். படிக்கத் தெரியாதவங்களுக்குக் குரலும் படமும் பெரிய உதவி. நடவுல எட்டடிக்கு ஓரடி பட்டம் விடுறதை எழுத்துல படிக்கிறதைவிடக் கண்ணால பாத்தா உடனே புரியும். ஆனா அளவு, பேரு, நாள் இதெல்லாம் எழுத்துல இருக்கணும்.

அதனால அரசு அதிகாரிங்களுக்கும் பல்கலைக்கழகத்துக்காரங்களுக்கும் சேனல் நடத்துற தம்பிங்களுக்கும் நான் கேக்கறது இதுதான். வீடியோ போடுங்க. கீழயே பயிர், பூச்சி, மருந்துப் பேரு, ஏக்கருக்கு எவ்வளவு, எந்த வருஷம் சொன்னதுன்னு அஞ்சு வரி எழுதுங்க. பத்து நிமிஷ வேலை. நாமளும் நல்ல வீடியோ பாத்தா அளவை உடனே ஒரு நோட்டுல எழுதி, மருந்து டப்பா வைக்கிற எடத்துலயே தொங்க விடணும். அந்த நோட்டுக்கு டவரும் வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம்.