அவையோர் உண்ணும் ஒலி

அரங்கில் ஒலியைப் பெறுவது செவி மட்டுமன்று. அமர்ந்திருப்பவரின் உடல் முழுவதும் அதை உண்கிறது. இதை அளந்து காட்டியவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைன். 1895இல் அங்கே புதிதாகத் திறக்கப்பட்ட ஃபாக் கலைக்கூட விரிவுரை அரங்கில், ஆளில்லாதபோது ஒரு சொல் ஐந்தரை நொடி நின்று ஒலித்தது. அதற்குள் பேசுபவர் வேறு பத்துச் சொற்களைச் சொல்லியிருப்பார்.

தெரு அடங்கிய நள்ளிரவுகளில் சபைன் இன்னோர் அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்துவந்து பரப்பினார். ஆர்கன் குழலை ஒலிக்கவிட்டு, ஒலி மடியும் நேரத்தைக் குறித்தார். மனிதர்களை அமர்த்தியும் அளந்தார். அவர் கொண்ட அலகு திறந்த சன்னல். வெளியே போன ஒலி திரும்பாதல்லவா? அக்கணக்கில் அவையில் நெருங்கி அமர்ந்த ஒருவர் ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் திறந்த சன்னலுக்குச் சமம்.

உண்பது தோலன்று, பெரும்பாலும் துணிதான். காற்றில் வரும் ஒலியில் ஆயிரத்தில் ஒரு பங்களவே நீர் செறிந்த தசைக்குள் புகும், எஞ்சியது திரும்பிவிடும். இழைகளின் இடுக்கில் காற்று உரசும்போதோ ஒலி இம்மியளவு வெப்பமாகிக் கரைகிறது. தம் உடையும் கணக்கைக் குலைப்பதைக் கண்ட சபைன், பிறகு ஒரே உடையணிந்தே அளந்தார். (நம் மெல்லிய பருத்திச் சட்டைகளுக்குப் பசி குறைவு.)

நம் கல்லூரி அரங்குகள் பலவற்றில் சிமெண்டுப் பூச்சு, வழவழத்த தரை, பிளாஸ்டிக் நாற்காலிகள். ஐந்நூறு பேருக்கான அவ்விடத்தில் இலக்கியக் கூட்டத்துக்கு நாற்பது பேர் வருகிறார்கள். ஒலியை உண்ண உடல்கள் இல்லை. உடனே ஒலிபெருக்கியைக் கூட்டுகிறோம். பேச்சோடு எதிர்முழக்கமும் அதே அளவு கூடுகிறது. முன்சொல்லின் நெடில் இழுத்துக்கொண்டே வந்து அடுத்த மெய்யொலியை மூடுகிறது. வாலையா, வாளையா, வாழையா என்று கேட்பவர் ஊகிக்க வேண்டியதுதான். கவிதை வாசிப்புக்கு இதைவிடக் கேடில்லை. பழியை வாசிப்பவரின் உச்சரிப்பின்மீது போடுகிறோம். அது நியாயமில்லை என்பது என் கருத்து.

நாற்பது பேருக்குச் சிறிய அறை போதும். பெரிய அரங்குதான் வேண்டுமென்றால் மெத்தை வைத்த இருக்கைகளைப் போடலாம்; வராதவருக்காக அவை ஓரளவு ஒலியை உண்ணும். சபைனின் கணக்கைக் கொண்டு வடிவமைக்கப்பட்டு 1900இல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பொனி அரங்கில் அவையோரின் உடல்களும் முன்கூட்டியே கணக்கில் சேர்ந்தன. இங்கே மேடை விளக்குக்கும் குளிரூட்டிக்கும் நிதி ஒதுக்குபவர்கள், பின்சுவரில் ஒரு கனத்த திரைச்சீலைக்கும் கொஞ்சம் ஒதுக்கட்டும்.