சட்டம் வந்தது, சங்கிலி அறுந்ததா?



இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள், பொழுது புலரும் வேளை. ஓலைக் கொட்டகை ஒன்று தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தோர் ஓடியிருக்கலாம், உயிர் தப்பியிருக்கலாம். ஓட இயலவில்லை! அவர்தம் காலிலே சங்கிலி! மனநோயுற்றோர் என்பதற்காகப் பூட்டப்பட்ட சங்கிலி! 28 உயிர்கள் கருகி மாண்டன.

அன்று சட்டம் இல்லையோ என்று கேட்பீர்கள். இருந்தது! வெள்ளையர் 1912இல் இயற்றிய பைத்தியச் சட்டத்தை அகற்றிவிட்டு, 1987இல் நாடாளுமன்றம் மனநலச் சட்டம் இயற்றிற்று. 1993இல் அது நடைமுறைக்கு வந்தது. மனநோயாளரை வைத்து மருத்துவம் பார்க்கும் இல்லம் உரிமம் பெற வேண்டும் என்று அது கட்டளையிட்டது. அச்சட்டம் எட்டாண்டுகள் உயிரோடிருந்த நாட்டிலேதான், உரிமமற்ற கொட்டகைகளும் ஓங்கி நின்றன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் நம் முன்னோர். ஏட்டுச் சட்டம் அந்த 28 பேருக்கும் உதவவில்லை.

2017இல் மனநலப் பராமரிப்புச் சட்டம் என்னும் புதுச் சட்டம் பிறந்தது. 2018இல் செயலுக்கு வந்தது. நல்லதை நல்லதென்று கூற நாம் தயங்குவோமல்லோம். நோயுற்றோரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என்கிறது அச்சட்டம். மருத்துவம் பெறுதல் பிச்சையன்று, உரிமை என்கிறது. வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளோர்க்கு, அட்டை கையில் இல்லாவிடினும், அரசு மருத்துவமனையில் மருத்துவம் இலவசம் என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக்காதே, கடும் மனவேதனையில் தவித்தவராகக் கருது என்கிறது. இவற்றில் குறை காண்போர் யார்?

குறை எழுத்தில் இல்லை, தோழர்களே, நடப்பில் இருக்கிறது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்த நாளிலிருந்து ஒன்பது மாதங்களுக்குள் மாநிலந்தோறும் மனநல ஆணையம் அமைக்க வேண்டும் என்றது சட்டம். பல மாநிலங்களில் மாதங்கள் அல்ல, ஆண்டுகளே உருண்டோடின. நோயாளியின் முறையீட்டைக் கேட்க வேண்டிய மறுஆய்வு வாரியங்களின் கதையும் அதுவே. வழக்கைக் கேட்க மன்றமே இல்லையெனில், உரிமை உண்டு என்று உரைப்பதால் பயன் யாது?

2023 ஜனவரியில் தேசிய மனித உரிமை ஆணையம் கூறியதை எண்ணிப் பாருங்கள். நாட்டின் 46 அரசு மனநல நிலையங்களின் நிலை இரங்கத்தக்கது என்றது. நோய் தீர்ந்தோரும் சட்டத்துக்குப் புறம்பாக உள்ளேயே வைக்கப்பட்டுள்ளனர் என்றும் கண்டித்தது. சட்டத்தைக் காக்க வேண்டிய அரசின் இல்லங்களிலேயே சட்டம் நோயுற்றுக் கிடக்கிறது!

"வீட்டாரே சங்கிலியிடுகின்றனர், அரசு என் செய்யும்?" என்பர் சிலர். கூலி வேலைக்குச் செல்லும் தாயொருத்தியை எண்ணுங்கள். மகனோ நோயாளி. மருத்துவரைக் காண நகரம் செல்ல வேண்டும். சென்றால் அன்றைய கூலி போயிற்று. வீட்டில் விட்டுச் சென்றால் அவன் எங்கேனும் போய்விடுவான். அவள் கயிற்றை எடுக்கிறாள். அது கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அக்கயிற்றைத் திரித்தது வறுமை. பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய ஆய்விலே, நோய்க்கு நோய் வேறுபட்டாலும், மருத்துவம் பெறாதோர் நூற்றுக்கு 70 முதல் 92 வரை என்று தெரியவந்தது. மருந்தும் மருத்துவரும் ஊருக்கருகே வராமல், தாயைத் தண்டிப்பதால் மட்டும் சங்கிலி அறுந்துவிடாது.

மக்கள்தொகைக்கேற்ற அளவில் மனநல மருத்துவப் பணியாளரைப் பெருக்கப் பத்தாண்டுகளுக்குள் முயல வேண்டும் என்பதும் அதே சட்டத்தின் சொல்தான். அக்கெடு முடியும் ஆண்டு 2028! எத்தனை பேரை அமர்த்தினீர், எத்தனை வட்டங்களுக்கு மருந்து சென்றது என்று ஆள்வோரை, அவர் யாராயினும், கேட்கும் கடமை நமக்குண்டு.

கேட்பதோடு நில்லாதீர். உம் தெருவிலே, உம் சிற்றூரிலே, ஒருவர் வீட்டில் கட்டுண்டு கிடந்தாலோ, கொடுமைக்கு ஆளானாலோ, காவல் நிலைய அதிகாரியிடம் தெரிவிக்க எவருக்கும் உரிமையளிக்கிறது இச்சட்டம். அதிகாரி நேரில் பார்த்து, உண்மையெனில் நடுவரிடம் அறிவிக்கக் கடமைப்பட்டவர். கிளைக் கழகங்களிலே இதனைப் படித்துக் கூறுங்கள். அந்தத் தாயை அச்சுறுத்தாதீர். அவளோடு அரசு மருத்துவமனை வாயில்வரை துணை செல்லுங்கள். இலவச மருத்துவம் அவள் மகனுக்கு உரியது என்று எடுத்துரையுங்கள்.

28 பேர் கருகியது சட்டமில்லாமையால் அன்று. சட்டத்தைக் கேட்டு வாங்க ஆளில்லாமையால். அந்த ஆளாக நீங்கள் இருங்கள்!