உப்பிலிருந்து குளோரின்!

குட்டீஸ், குடிநீர்த் தொட்டியில் குளோரின் கலக்கிறார்களே, அது எதிலிருந்து கிடைக்கிறது தெரியுமா? நாம் சாப்பிடும் உப்பிலிருந்துதான்! உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால், நேர்மின்முனையில் குளோரின் வாயு வெளிவரும். கூடவே ஹைட்ரஜனும் காஸ்டிக் சோடாவும் கிடைக்கும். ஆனால், ஒரு டன் குளோரின் தயாரிக்க 2,000 யூனிட்டுக்கும் மேல் மின்சாரம் செலவாகிறது!

முன்பு கிராஃபைட்டை நேர்மின்முனையாக வைத்தார்கள். அது தேயத் தேய மின்முனைகளுக்கு இடையே தூரம் கூடும், மின்சாரம் வீணாகும். 1960-களில் ஹென்றி பீர் என்பவர், டைட்டானியத்தின் மீது ருத்தேனியம் ஆக்சைடும் டைட்டானியம் ஆக்சைடும் கலந்து பூசினார். அந்த மெல்லிய பூச்சுதான் வினையூக்கி. அது ஆண்டுக்கணக்கில் உழைத்தது. நம் காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் இத்தகைய மின்முனைகளை உருவாக்கியது.

அப்புறம் என்ன சிக்கல்? ருத்தேனியம் மிக அரிய உலோகம். பெரும்பகுதி தென் ஆப்பிரிக்காவின் பிளாட்டினம் சுரங்கங்களில் உபபொருளாகக் கிடைக்கிறது. கணினி ஹார்டு டிஸ்க்குக்கும் அது வேண்டும். போட்டி கூடினால் விலை ஏறும். தவிர, குளோரினோடு கொஞ்சம் ஆக்சிஜனும் உருவாகி மின்சாரத்தை வீணாக்குகிறது.

அதனால்தான் வெள்ளீய ஆக்சைடு போன்றவற்றைச் சேர்த்து, ருத்தேனியத்தைக் குறைக்க விஞ்ஞானிகள் முயல்கிறார்கள். ஆய்வகத்தில் சில நாள் தாங்கினால் போதாது. ஆலையில் பல ஆண்டுகள் தாங்க வேண்டும். அதுதான் உண்மையான பரீட்சை!

நூற்றில் ஒரு பங்கு மின்சாரம் மிச்சமானாலும், டன்னுக்கு 20 யூனிட் லாபம். உலகில் ஆண்டுதோறும் கோடிக்கணக்கான டன் குளோரின் தயாராகிறது. மொத்தம் எவ்வளவு மிச்சம்? கணக்குப் போட்டுப் பாருங்களேன்!