அழிக்கும் அதிகாரம் யாருக்கு?

'இடம் இல்லை' என்ற எச்சரிக்கை டி.வி. திரையில் தோன்றும்போதுதான் ஒரு வீட்டில் யாருடைய ரசனைக்கு மதிப்பு என்பது தெரியவரும். தாத்தாவின் டெஸ்ட் மேட்ச், மருமகளின் சீரியல், பேரனின் கார்ட்டூன். மூன்றில் ஒன்று போயாக வேண்டும். ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவருடையது தப்பிக்கும்.

வி.சி.ஆர். காலத்தில் சிக்கல் இவ்வளவு முற்றவில்லை. 180 நிமிட கேசட், அதன் முதுகில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிய பெயர். 1987-ல் தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் ராமாயணம் தொடங்கியபோது ஞாயிறுதோறும் அதைப் பதிவு செய்து அடுக்கிய வீடுகள் உண்டு. அழியக்கூடாது என்றால் கேசட்டின் முதுகிலுள்ள சின்ன பிளாஸ்டிக் தகட்டை உடைத்துவிட்டால் போதும். மனம் மாறினால் அந்த ஓட்டையின் மேல் செல்லோ டேப். இடம் போதவில்லையா, கடையில் இன்னொரு கேசட்.

ஹார்ட் டிஸ்க் இந்த வசதியைப் பறித்தது. அமெரிக்காவில் 1999-ல் டிவோ வந்தது. இந்தியாவில் 2008-ல் டாடா ஸ்கை பிளஸ். நிகழ்ச்சிப் பட்டியலில் பெயரைத் தேடி ஒரு பட்டனை அழுத்தினால் பதிவாகிவிடும். ஆனால் டிஸ்க் நிரம்பினால் இன்னொன்று வாங்கிச் செருக முடியாது.

கணக்கு எளிது. ஹெச்.டி. சேனல் ஒன்று விநாடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வந்தால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 ஜி.பி. தேவை. வாரம் ஆறு நாள், தினம் அரை மணி நேரம் வரும் சீரியல் ஒன்றே விளம்பரங்களோடு சேர்த்து வாரத்துக்கு 10.8 ஜி.பி.யை விழுங்கிவிடும். 500 ஜி.பி. டிஸ்க்கில் ஒரு பகுதியை, நேரலையை நிறுத்திப் பார்க்கும் வசதிக்காகப் பெட்டியே பிடித்துக்கொள்கிறது. மிச்சத்தை ஓர் ஆண்டு முடிவதற்குள் அந்த ஒரே சீரியல் நிரப்பிவிடும். மாமியாருக்கு ஒன்று, மருமகளுக்கு ஒன்று என்றால் ஆறு மாதம்கூடத் தாங்காது.

நிரம்பியதும் பல பெட்டிகள் பழையதைத் தாமாகவே அழிக்கத் தொடங்குகின்றன. பூட்டி வைத்தவை மட்டும் தப்பும். இதைத் தெரிந்துகொண்டவர்கள் பயத்தில் எல்லாவற்றையும் பூட்டிவிடுகிறார்கள். அன்றிரவு புதிதாக எதுவும் பதிவாவதில்லை. தொடர் முழுவதையும் பதிவு செய்யும் வசதியிலும் ஒரு பொறி இருக்கிறது. இரவில் வந்த அதே பகுதியை மறுநாள் மதியம் மறு ஒளிபரப்பிலும் பிடித்து வைத்திருக்கும். இடம் தேடுகிறவர்கள் முதலில் கை வைக்க வேண்டியது இங்கேதான்.

கிரிக்கெட்டுக்கு மட்டும் கஞ்சத்தனம் உதவாது. 2019 ஜூலை 14 அன்று லார்ட்ஸில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டம் சமனாகி, சூப்பர் ஓவரும் சமனானது. பட்டியலில் போட்டிருந்த நேரத்துக்குச் சரியாக நின்றுவிட்ட பெட்டிகள் அந்த ஓவரைக் கோட்டைவிட்டிருக்கும். கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது 3.6 ஜி.பி.தான், போகட்டும்.

எதையும் அழிக்க மறுத்தவரும் இருந்தார். பிலடெல்பியாவின் மேரியன் ஸ்டோக்ஸ் 1970-களிலிருந்து 2012-ல் இறக்கும்வரை டி.வி. செய்திகளைப் பதிவு செய்துகொண்டே இருந்தார். சுமார் 70,000 கேசட்டுகள். அவற்றை வைக்கவே தனி அபார்ட்மென்ட்டுகள் தேவைப்பட்டன. சேனல்களிடமே இல்லாத ஒளிபரப்புகளும் அவரிடம் இருக்கக்கூடும் என்பதால், அத்தனையையும் இன்டர்நெட் ஆர்கைவ் பெற்றுக்கொண்டது.

செட் டாப் பாக்ஸ் வைத்திருப்பவர்கள் அப்படி எதையும் விட்டுச்செல்ல முடியாது. இதில் பதிவானவை சங்கேத வடிவில், அந்தப் பெட்டிக்கும் அந்தச் சந்தாவுக்கும் மட்டுமே கட்டுப்பட்டவை. டிஸ்க்கைக் கழற்றி கம்ப்யூட்டரில் மாட்டினால் படம் வராது. பெட்டி பழுதாகி, ஆள் வந்து வேறொன்றை மாட்டிவிட்டுப் பழையதை எடுத்துப்போனால், மகள் உள்ளூர் சேனலில் ஆடிய அரங்கேற்றமும் அதோடு போகிறது. தங்கள் சொத்து என்று நினைத்தது வெறும் இரவல் என்பது பலருக்கும் அன்றைக்குத்தான் புரிகிறது. வெளியிலிருந்து ஹார்ட் டிஸ்க் மாட்டும் வகையிலும் ஓர் ஆபத்து உண்டு. பல பெட்டிகள் அதை முதலில் சுத்தமாக அழித்துவிட்டே பயன்படுத்தும். கல்யாண போட்டோக்கள் இருக்கும் டிஸ்க்கை அதில் செருகக்கூடாது.

முக்கியமான பதிவுக்கு ஒரு பழைய வழி உண்டு. பெட்டியின் பின்னால் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர் செருகும் துளைகள் இருந்தால், அதிலிருந்து ஒரு டி.வி.டி. ரிக்கார்டருக்கு ஓடவிட்டுப் பிடிக்கலாம். படத்தின் துல்லியம் குறையும். மூன்று மணி நேர நிகழ்ச்சிக்கு மூன்று மணி நேரம் ஆகும். பெட்டியை மாற்ற ஆள் வருவதற்கு முந்தைய இரவே இதை முடித்துவிட வேண்டும்.